முள் கீழே கிடந்தது

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே ஒர்க்ஷாப் ஷெட்டில் நானும் என் மீட்டர் ரிப்பேர் மேசையும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? காலர் தைக்கும் மிஷினுக்கு வேறு ஸ்டூல் தருகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னாரே, தந்தாரா?

பார்சல் தனியாக வருகிறது. உள்ளே மூன்று சாமான். ஒன்று தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கிவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து நிற்கும், சூடானதும் தானே வாயைத் திறக்கும். அனுப்பும் முன் சட்டியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்தது. இரண்டாவது சென்சார், தண்ணீரின் சூட்டை ஒயர் வழியாக மீட்டருக்குச் சொல்வது. மூன்றாவது ஹீட் மீட்டர். அண்ணன் ஓட்டுகிற அந்த வேனின் வயசுக்குக் கடையில் மீட்டர் கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் ஒன்றைப் பிடித்து, பிரித்து, சுருள் மாற்றி, முள்ளை நிமிர்த்தியிருக்கிறேன். சூட்டுப் பக்கம் இருக்கும் சிவப்புக் கோடு நான் வரைந்தது. முள் அதைத் தொட்டால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அண்ணனுக்குத் தனியாக எழுதவில்லை. எழுதினாலும் படிக்காது. "முள்ளு என்ன எழுதியிருக்கா?" என்று உங்களிடம்தான் கேட்கும். சின்ன வயசில் தொட்டால் குத்துவேன் என்று அது வைத்த பெயர், இன்றைக்கு என் பிழைப்பே மீட்டர் முள்ளில் வந்து நிற்கிறது.

பதினான்கு பெண்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகிற வண்டி. இரண்டு வருஷமாக மீட்டர் செத்துக் கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேன் முதலாளி செய்வார் என்று காத்திருந்தால் அடுத்த ஜென்மம்தான். மாட்டியதும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்,
முள்ளு


பிப்ரவரி 27

அன்புள்ள முள்ளுவுக்கு,

நாங்கள் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஸ்டூல் வந்தது, ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து வைத்து உட்காருகிறேன்.

மூன்றும் மாட்டியாகிவிட்டது. முதல் நாள் மீட்டரில் விளக்கு எரிந்ததும் எங்கள் பெண்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "எங்க நாத்தனார் பண்ணினது" என்று நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

ஒரு சங்கதி. தொழிற்சாலை மேட்டில் ஏறும்போது முள் மெல்ல மெல்ல உன் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. நான் முன் சீட்டில் இருப்பதால் என் கண்ணில்தான் முதலில் படுகிறது. சொன்னால் உன் அண்ணனுக்குக் கோபம் வருகிறது. "புது மீட்டர் வந்த பிறகுதான் வண்டி சூடாகுது, அதுக்கு முன்னாடி ஒரு தொந்தரவும் இல்ல" என்கிறார். பின் சீட்டில் இருந்து கத்துகிறார்கள், அதில் இன்னும் எரிச்சல். என்ன செய்வது என்று எழுது.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்றால் இதை அண்ணனுக்குச் சத்தம்போட்டுப் படித்துக் காட்டுங்கள்.

மீட்டர் வந்ததால் வண்டி சூடாகவில்லை. வண்டி இரண்டு வருஷமாகச் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ரேடியேட்டர் உள்ளே துரு அடைத்திருக்கும். கழட்டிக் கழுவ ஒரு நாள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். முதலாளியிடம் கேட்கப் பயமாக இருந்தால் நான் எழுதுகிறேன்.

இன்னொன்று. எல்லா டிரைவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிடுவது. அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைப்பு. இந்த இன்ஜினில் ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் சுற்றிவர ஒரு குறுக்குவழி இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குறுக்குவழியை அடைக்கும். அதைப் பிடுங்கினால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் கொதித்துக்கொண்டே சுற்றும். அண்ணன் அதில் கை வைத்தால் அப்புறம் என் முகத்தில் முழிக்க வேண்டாம்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

முள்ளு


ஏப்ரல் 30

அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை எனக்கு. மற்றதெல்லாம் போய்விட்டது.

எட்டு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று உங்கள் வேன் முதலாளியிடமிருந்து எங்கள் ஷெட்டுக்குக் கடிதம் வந்தது. என் பேருக்கு இல்லை, ஷெட் மேஸ்திரிக்கு. அவர் அதை நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். மேட்டில் வண்டி நின்றதாம். ஆவி பீறிட்டதாம். "உங்கள் ஷெட்டில் இருந்து வந்த மீட்டர் குளிர்ச்சி என்று காட்டியதை நம்பி ரேடியேட்டர் மூடியைத் திறந்த பெண்ணுக்குக் கை வெந்துவிட்டது. இப்படிப்பட்ட சாமானை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம்."

இந்த ஷெட்டில் ஒன்பது பேர், நான் ஒருத்திதான் பெண். டயர்க்காரர் சிரித்தபடியே சொன்னார், "பொம்பள கைல மீட்டரக் குடுத்தா அது குளிர்ச்சியாத்தான் காட்டும்." மாலைக்குள் மூன்று டிரைவர்கள் வந்து என் மேசையில் பிரித்துக் கிடந்த மீட்டர்களை அப்படியே வாரிக்கொண்டு போனார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி, நான் செய்த மீட்டர் தப்பாகக் காட்டாது. காட்டவே காட்டாது என்று சொல்லவில்லை. ஆனால் பிப்ரவரியில் சூட்டைச் சரியாகக் காட்டிய முள், ஏப்ரலில் கொதிக்கிற இன்ஜினுக்கு எப்படிக் கீழே இறங்கிக் கிடக்கும்? எனக்கு மூன்று பதில் வேண்டும். ரேடியேட்டரைக் கழுவினார்களா? தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா? சென்சார் ஒயர் மாட்டியிருக்கிறதா?

வெந்துபோன அந்தப் பெண் யார்? எப்படி இருக்கிறாள்?

முள்ளு


மே 17

அன்பிற்குரிய முள்ளுவுக்கு,

இங்கு யாவரும் நலமே. உன் உடல்நலத்தைப் பேணிக்கொள். எனக்குக் கண்ணில் சற்று உபாதை ஏற்பட்டிருப்பதால் பக்கத்து வீட்டு டீச்சர் இக்கடிதத்தை எனக்காக எழுதுகிறார்.

உன் கடிதம் கிடைத்தது. நடந்தது நடந்துவிட்டது. எவர்மீதும் குற்றமில்லை. பழைய வண்டி, பழைய சாமான். அந்தப் பெண் தேறி வருகிறாள், நீ கவலைப்பட வேண்டாம். உன் அண்ணன் மிகவும் மனமொடிந்து போயிருக்கிறார். ஆதலால் இதைப் பற்றி மேலும் கேட்காமல் விட்டுவிடுவது அனைவருக்கும் நல்லது.

முதுகுவலி இப்போது இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணி


மே 24

அண்ணிக்கு,

கண் குணமாகட்டும்.

மூன்று கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. "பழைய சாமான்" என்று நீங்கள் சொல்லி, டீச்சர் அழகான தமிழில் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய சாமானை நான் நான்கு ராத்திரி தூங்காமல் செய்தேன். "எங்க நாத்தனார் பண்ணினது" என்று வேனில் அலட்டிக்கொண்டது நீங்கள்தானே? இப்போது எங்கே போயிற்று அந்த வாய்?

எனக்குத் தெரியும். அண்ணன் எதையோ பிடுங்கியிருக்கிறது. உங்களுக்கும் தெரியும். புருஷனைக் காப்பாற்ற என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். கேட்காமல் விட்டுவிடு என்று சொல்வது உங்களுக்குச் சுலபம். மூடியைத் திறந்தது யாரோ ஒருத்தி. வெந்தது உங்கள் கை இல்லையே.

ஒரு மாதமாக என் மேசைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. டயர்க்காரர் தன் பழைய டயர்களை அதன்மேல் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

முள்ளு


ஜூன் 8

அன்பிற்குரிய முள்ளுவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்தேன். நீ கோபப்படுவது நியாயமே. எனக்குச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: இந்த வரிகள் உங்கள் அண்ணி சொன்னவை அல்ல. எழுதிக்கொண்டிருக்கும் டீச்சராகிய நான் என் பொறுப்பில் எழுதுகிறேன். உறையை ஒட்டும் வேலை என்னுடையது என்பதால் அவருக்குத் தெரியாது.

அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. வலது கை விரல் நுனியில் இருந்து முழங்கை வரை வெந்துபோனது அவருக்குத்தான். ஏப்ரல் பதினொன்றாம் தேதியில் இருந்து நான்தான் கட்டுப் பிரித்துக் கட்டுகிறேன். தொழிற்சாலையில் அவருடைய மிஷினில் இப்போது வேறு ஆள். உங்கள் போன கடிதத்தில் "வெந்தது உங்கள் கை இல்லையே" என்ற இடத்துக்கு வந்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். நான் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள். இவ்வளவு பொய்யை என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. இனி எழுத மாட்டேன்.


ஜூன் 13

அண்ணி,

இதை டீச்சர் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அவரைத் திட்டாதீர்கள்.

நான் எழுதிய அந்த வரியை அழிக்க முடியாது. தபாலில் போட்ட பிறகு எதை அழிக்கிறது? என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம், உங்கள் கைக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. விரல் மடங்குகிறதா? டாக்டர் என்ன சொல்கிறார்? இதற்காவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் விடச் சொன்னாலும் நான் விடப்போவதில்லை. முன்னே என் பேருக்காகக் கேட்டேன். இப்போது அதற்காக இல்லை. அண்ணன் வெளியே போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் நன்றாக ஆறின பிறகு, முன் மூடியைத் தூக்குங்கள். ரேடியேட்டரின் மேல் பக்கத்தில் இருந்து தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று இன்ஜினுக்குப் போகும். அது போய் முட்டுகிற இடத்தில் ஒரு மூடி, இரண்டு போல்ட். டீச்சரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு வாளி வையுங்கள், தண்ணீர் கொட்டும். நான் அனுப்பியது அந்த மூடிக்குள்தான் இருக்க வேண்டும். பக்கத்திலேயே சென்சார், அதன் தலையில் ஒற்றை ஒயர் மாட்டியிருக்க வேண்டும். ஒயர் கழன்றிருந்தால் இன்ஜின் உருகினாலும் முள் கீழேதான் கிடக்கும்.

என்ன இருக்கிறது, என்ன இல்லை, அதை மட்டும் எழுதுங்கள்.

முள்ளு


ஜூலை 21

முள்ளுவுக்கு,

இது நானே எழுதுவது. இடது கை. ஐந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் மடங்கவில்லை. மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற விரல்களில் இன்னும் பேனா நிற்கவில்லை.

போன மாதக் கடைசி ஞாயிறு அவர் முடிவெட்டப் போனார். நானும் டீச்சரும் வண்டியைத் திறந்தோம். போல்ட்டை நான் இடது கையால் பிடிக்க, டீச்சர் ஸ்பேனர் மேல் ஏறி நிற்காத குறை. மூடி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் ஓட்டை. சென்சார் ஒயரைக் கழட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, ஹோஸோடு சேர்த்து நேர்த்தியாகக் கட்டியிருந்தது. கை மறந்து செய்த வேலை இல்லை அது.

அவர் திரும்பி வந்தார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"உள்ள ஒண்ணுமே இல்ல" என்றேன்.

"அது இருந்தா தண்ணி சரியாப் போகல. மார்ச்லயே எடுத்துட்டேன். எல்லா டிரைவரும் எடுக்கறதுதான்."

"ஒயரு?"

"முள் மேல போனா நீங்க பதினாலு பேரும் கத்துறீங்க. முதலாளி காதுக்குப் போகுது. வண்டிய நிறுத்திட்டா நான் எங்க போய் நிக்கிறது?"

டீச்சர் வாளியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

"அன்னிக்கு மேட்டுல நான் கீழ இறங்கி, துணிய சுத்திக்கிட்டு, திறக்கலாமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன?"

பத்தொன்பது வருஷத்தில் அவரை நான் 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான். அவருக்கும் அது உறைத்தது.

"சொல்லு. சீட்டுல உக்காந்துக்கிட்டு என்ன சொன்ன?"

"முள் கீழதான் கெடக்கு, சூடில்ல, திறன்னு சொன்னேன்."

"ஒயரக் கழட்டினவன் நீதான?"

"மறந்துட்டேன்" என்றார். "கழட்டினத மறந்துட்டேன். முள்ளப் பாத்தேன், கீழ இருந்துச்சு, நம்பிட்டேன்."

அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. "மறந்தது சரி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஞாபகம் வந்திருக்கும்ல? அப்புறம் எதுக்குப் பழிய உன் தங்கச்சி மேல போட்ட?" என்றேன். தரையில் ஓடின துருத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முள்ளு, நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். இவர் அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தார். "மீட்டர் தப்பாக் காட்டுச்சு" என்று சொன்னது நான்தான். என் வாயால் சொன்னேன். உன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நீ எழுதினாயே, அது சரி. அதற்குப் பிறகு ஒரு மாதம் உனக்கு ஒன்றும் எழுதாமல் இருந்தது அதனால்தான். கை வெந்ததால் இல்லை.

மறுநாள் காலை பெண்கள் வேன் ஏறுகிற இடத்துக்கு நானும் போனேன். வண்டிப் படியில் நின்று எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் அவர்களோடு மேட்டில் நடந்தே போனேன். பின்னால் காலி வண்டியை அவர் முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தார். தொழிற்சாலை வாசலில் முதலாளியை வரவழைத்து, ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்று சொன்னேன். வண்டியை நிறுத்தி ரேடியேட்டரைக் கழுவாததற்கு முதலாளியையும் விடவில்லை. எனக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணி,

நலம். உங்கள் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனால் இடது கையால் ஐந்து நாள் எழுதினவர் மேல் அதை எத்தனை நாள் வைத்திருப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் இருக்கும், போய்விடும். இருக்கிற வரைக்கும் மறைக்க மாட்டேன்.

உங்கள் முதலாளியின் இரண்டாவது கடிதம் வந்தது. மீட்டரில் குறையில்லை என்று இரண்டு வரி. மேஸ்திரி படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தார். "முதல் கடிதத்த எங்க நின்னு படிச்சீங்களோ அங்க நின்னு படிங்க" என்றேன். படித்தார். டயர்க்காரர் தன் டயர்களைத் தானே எடுத்துக்கொண்டார். போன மூன்று டிரைவரில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். மற்ற இரண்டு பேரும் வர மாட்டார்கள். ஒரு தடவை விழுந்த பேர் முழுசாக எழுந்திருக்காது.

கையைத் தினமும் எண்ணெய் தடவி நீவிவிடுங்கள். மடங்காவிட்டாலும் வலி குறையும்.

முள்ளு


அக்டோபர் 11

முள்ளுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நல்லா இருக்கிறாயா. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

வேன் இப்போது என்னிடம் இல்லை. சிமெண்ட் குடோனில் மூட்டை இறக்குகிறேன். உன் அண்ணிக்குத் தொழிற்சாலையில் சட்டை மடிக்கும் மேசையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சாப்பாடு வைக்கிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். அவளாக ஒன்றும் பேசுவதில்லை. மூன்று மாதமாக இப்படித்தான்.

தெர்மோஸ்டாட்டை எடுத்தது நான். ஒயரைக் கழட்டியது நான். திற என்று சொன்னது நான். ஆஸ்பத்திரியில் அவளைப் பொய் சொல்ல வைத்ததும் நான். அவள் கத்தின சத்தம் மூட்டை தூக்கும்போது கூட காதில் கேட்கிறது. அவள் மிஷினில் உட்கார்ந்தால் கை போகிற வேகத்தை நான் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை நான் கெடுத்துவிட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. நீ சொன்னால் அவள் கேட்பாள்.

அண்ணன்


அக்டோபர் 16

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நாற்பத்திரண்டு வயசில் எனக்கு உன் முதல் கடிதம்.

அதில் ஒரு வரியும் பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. ஒரே வீட்டில், பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவளிடம் சொல்ல வேண்டியதை, ஸ்டாம்ப் ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய். என் பேரைக் கெடுத்ததற்கு நீ எனக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும், அது பிறகு. வெந்தது என் கை இல்லை. அன்றைக்கு நீ சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளை இறங்கித் திறக்கச் சொன்னாய். இன்றைக்கும் உட்கார்ந்துகொண்டு என்னைப் போய்ச் சொல்லச் சொல்கிறாய். நான் சொல்ல மாட்டேன். நீ எழுந்திரு.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். மேலே "முள்ளுவுக்கு" என்று இருந்ததை மட்டும் அடித்திருக்கிறேன். அங்கே யாரை எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும். எழுதி, அவள் எதிரில் போய் நின்று கொடு.

இடது பக்கமாக நீட்டு. வலது கையில் இன்னும் காகிதம் நிற்காது.

உன் தங்கை